செருகுவதா, திருகுவதா

அக்டோபர் 5

இது பழைய டைரி. இவர் லைன்மேன் வேலையில் இருந்தபோது யாரோ ஒரு காண்ட்ராக்டர் கொடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதாமல் பரணில் கிடந்தது. அச்சடித்த கிழமைகள் இந்த வருடத்துக்குப் பொருந்தாது, தேதியை மட்டும் நம்பலாம். இருபத்தோரு நாள் கெடு இருக்கிறது. நாள் தப்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன், வேறொன்றுக்கும் இல்லை.

இவரைத் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து இன்று ஜீப்பில் மலைக்குக் கூட்டி வந்துவிட்டேன். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறதாம். ராத்திரி எட்டு மணி நேரம் மூக்கில் ஆக்சிஜன் போக வேண்டும், இனிமேல் தினமும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் ஒன்றை மகள் தவமணி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அது ஓடக் கரண்டு வேண்டும். எங்கள் வீட்டில் கரண்டு இல்லை. போடி அடிவாரத்திலிருந்து ஏறி வரும் கம்பங்கள் கீழ்வளைவோடு நின்றுவிட்டன. பத்தொன்பது மனு எழுதியிருக்கிறேன். பத்தொன்பதுக்கும் நகல் இருக்கிறது.

தவமணி ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்தாள்.

“கரண்டே இல்லாத வீட்டுக்கு அப்பாவக் கொண்டு போறியேம்மா, ஒனக்கு நல்லா இருக்கா? திருப்பூருக்கு வாங்க. மூணாவது மாடிதான், லிப்ட் இருக்கு.”

“அங்க வந்து என்னா செய்யச் சொல்ற? லிப்டுல ஏறி ஏறி எறங்கவா?”

கடைசியில் அவளே முடிவு சொன்னாள். பெரிய சிலிண்டர் மூன்று ஏற்றிவிட்டாள். ஒன்று ஒரு வாரம் வரும். மூன்றும் தீர்வதற்குள் மிஷின் ராத்திரி முழுவதும் ஓடுகிற மாதிரி கரண்டு ஏற்பாடு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கீழ்வீட்டுப் பாக்கியத்திடம் கொடுத்துவிட்டுத் திருப்பூர்.

சரி என்று சொல்லிவிட்டேன். சரி என்று சொன்னதை இவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பில் முன்னால் பார்த்தபடியே வந்தார். வளைவில் கடைசிக் கம்பத்தைத் தாண்டும்போது மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

அக்டோபர் 6

கரண்டு இல்லை என்று எழுதியது முழு உண்மை இல்லை. பன்னிரண்டு வருடமாகக் கூரையில் ஒரு சோலார் பேனல் இருக்கிறது. நான் மாட்டியது. கூடவே வந்த புத்தகத்தை நான்கு தடவை படித்து, இவர் போடிக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து மாட்டினேன். நான் படித்தது எட்டாவது. இரண்டு பல்பு, ரேடியோ, போன் சார்ஜ். பேட்டரியிலிருந்து ஒரு குட்டி இன்வெர்ட்டர், அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, ஆணிக்கு ஆணி தொங்கவிட்ட ஒயர்.

அன்று சாயந்திரம் வந்து பார்த்துவிட்டு இவர் சொன்னது: “இது கரண்டா? நூலாம்படை.”

அந்த நூலாம்படை வெளிச்சத்தில்தான் பன்னிரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார்.

அது மிஷினுக்குத் தாங்காது. பெரிய இன்வெர்ட்டர் வேண்டும். போடி பாய் கடைக்குப் போன் செய்தேன். இரண்டு தினுசு இருக்கிறது என்றார். ஒன்றில் சாக்கெட் பெட்டியிலேயே இருக்கும். பேட்டரியை இணைத்துவிட்டால் போதும், மிஷினின் ப்ளக்கைச் செருகினால் ஓடும். இன்னொன்றில் சாக்கெட்டே கிடையாது. ஒயரை உள்ளே விட்டுத் திருகி இறுக்கி, வீட்டு மெயின் பெட்டியோடு சேர்த்துவிட வேண்டும். அப்புறம் சுவரில் இருக்கும் எல்லா சுவிட்சும் வேலை செய்யும்.

எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. செருகுகிற தினுசு. ஓட வேண்டியது ஒரு மிஷின். அதற்கு ஒரு சாக்கெட் போதும்.

அக்டோபர் 8

இவருக்குத் திருகுகிற தினுசுதான் வேண்டுமாம்.

காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னார். “ப்ளக்குங்கிறது கழண்டுபோற சாமான் சீனி. திருகி இறுக்குனா இறுக்குனதுதான்.”

“கழண்டா மாட்டிக்கிறது.”

“யாரு மாட்டுவா?”

“நான் என்னா செத்தா போனேன்?”

“வீட்டுல ஒயரிங் இருக்கு. அது எதுக்கு இருக்கு?”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. தொண்ணூற்று நாலில் இந்த வீட்டுக்கு இவரே ஒயரிங் செய்தார். லைன் வரப்போகிறது, முதலில் நம் வீட்டில்தான் எரியும் என்று ஊரெல்லாம் சொல்லி, லீவு போட்டு, சுவரைக் கொத்தி, குழாய் பதித்து, பதினோரு சுவிட்ச் வைத்தார். பழுப்பு நிறக் குமிழ் சுவிட்ச். ஒன்றில்கூட இன்றுவரை கரண்டு வந்ததில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பதினொன்றையும் நான்தான் துடைக்கிறேன். எரியாத சுவிட்சைத் துடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வேலை என்று.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பீடியையும் சேர்த்துச் சொன்னேன். சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொன்னேன்.

அக்டோபர் 9

பேசவில்லை. மிளகு காய வைத்தேன். மழை வந்து திரும்ப அள்ளினேன்.

அக்டோபர் 12

முதல் சிலிண்டர் முடிந்தது. இரண்டாவதை மாட்டினேன்.

போடிக்குப் போய் சாக்கெட் வைத்ததையே வாங்கி வந்துவிட்டேன். கூடவே நான்கு பேட்டரி, ஐந்து பேனல்.

பாய் இடது கையால் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார், “லைன்மேன் அண்ணன் இதத்தான் வாங்கச் சொன்னாராம்மா?”

“ஏன், என்னயப் பாத்தா தெரியாதவ மாதிரி இருக்கா?”

“ஐயய்யோ, அப்பிடிச் சொல்லுவனா? ரெண்டுமே நல்ல சாமான்தான். இது சட்டுன்னு மாட்டிறலாம், ரிப்பேருன்னா தூக்கிட்டு வந்துறலாம். அதுல வீடு பூராம் எரியும், ஆனா மாட்ட ஆளு வேணும். அண்ணன மாதிரி ஆளு.”

“அந்த ஆளுக்கு இப்ப மூணு எட்டு வச்சா மூச்சு வாங்குது பாய்.”

பாய் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது, குடித்தேன்.

அக்டோபர் 14

ஜீப்காரரும் பாக்கியத்தின் புருசனும் பேனலைக் களத்து ஓரம் நிறுத்திக் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் நான். பேட்டரிகளைச் சேர்த்தேன், இன்வெர்ட்டரைப் பலகை மேல் வைத்தேன், எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கட்டில் வரை இழுத்தேன். பகலில் மிஷினை ஓட விட்டுப் பார்த்தோம். ஓடியது. நல்ல சத்தம், அரிசி ஆலை தூரத்தில் ஓடுகிற மாதிரி.

இவர் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு, “ஓடுது” என்றார். அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வாயில் முள்ளா குத்தும்?

மூன்று மணி நேரம் ஓடியது. அப்புறம் ஆட்டுக்குட்டி உள்ளே வந்து ஒயரை மிதித்து இழுத்து ப்ளக் கழன்று மிஷின் கீ கீ என்று கத்தியது. அது ஆட்டுக்குட்டியின் தப்பு. இவர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டுக்குட்டியைப் பார்த்தேன். ராத்திரி இப்படிக் கழன்றால் என்ன செய்வது, ராத்திரிக்குச் சிலிண்டரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயந்திரம் கூடத்தில் நாற்காலி போட்டு, வாசலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவரில் சுவிட்ச் பெட்டி தவிர ஒன்றும் இல்லை.

அக்டோபர் 16

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மனுசன் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் வேலை ஓடுமா? அதனால்தான் யோசித்தேன். சமாதானத்துக்காக இல்லை.

எனக்கு ஒரு வழி தோன்றியிருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு துண்டு ஒயர், இரண்டு நுனியிலும் ப்ளக். ஒரு நுனியை இன்வெர்ட்டர் சாக்கெட்டில் செருகி, மறு நுனியை இவர் வைத்த சுவர் சாக்கெட்டில் செருகினால்? சாக்கெட்டிலிருந்து கரண்டு வெளியே வரலாம் என்றால், உள்ளே போகவும் தானே செய்யும்? சுவருக்குள் இருக்கும் ஒயரெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்ததுதானே? செருகுகிற தினுசை வைத்தே வீடு முழுவதும் எரியும். யாரும் யாரிடமும் தோற்க வேண்டியதில்லை.

கரண்டு இல்லாமல் சும்மாவே கிடக்கும் பழைய மிக்சியிலிருந்து ஒரு ப்ளக் கழற்றினேன்.

அக்டோபர் 17

நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். இவர் களத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நான் அடுப்படிச் சுவர் சாக்கெட்டில் ஒயரைச் செருகி, இன்வெர்ட்டரைப் போட்டு, கூடத்துக்கு வந்து முதல் சுவிட்சைத் தட்டினேன். புது பல்பு மாட்டி வைத்திருந்தேன். எரிந்தது.

களத்தில் இருந்தபடியே பார்த்துவிட்டார். எழுந்து வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. கண்ணைப் பற்றி எழுத வேண்டாம்.

“எரியுது சீனி.”

“எரியாம?”

“எப்பிடி?”

பெருமையாக அடுப்படிக்குப் போய், இதோ பாருங்கள் என்று சுவரிலிருந்து அந்த நுனியை உருவிக் காட்டினேன்.

“கைய எடு! கீழ போடு, கீழ போடுறீ!”

நாற்பத்தாறு வருடத்தில் இவர் என்னை ‘டீ’, ‘றீ’ போட்டது கிடையாது. நான் விட்டுவிட்டேன். மறு நுனி இன்வெர்ட்டரில் இருந்தது, கரண்டு ஓடிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கைக்கும் அந்த ப்ளக்கின் பித்தளைக் காலுக்கும் ஒரு விரற்கடை இடைவெளி. அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

இவர் ஓடினார். ஓடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஓடிப் போய் இன்வெர்ட்டரை அணைத்தார். அணைத்துவிட்டு அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. சிலிண்டரை உருட்டி வந்து குழாயை வைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று உதட்டுக்குச் சிவப்பு வர.

பிறகு கட்டிங் பிளேயர் கேட்டார். நான் வெட்டுகிறேன் என்றேன், கொடுக்கவில்லை. நான்கு தடவை அமுக்கி ஒயரை இரண்டு துண்டாக்கினார்.

“எங்கூட வேலை பாத்த காளிமுத்து எப்பிடிச் செத்தான்னு சொன்னேன்?”

“கம்பத்துல இருந்து வழுக்கி விழுந்துட்டாருன்னு.”

“வழுக்கல. லைன ஆப் பண்ணிட்டுத்தான் ஏறுனான், நான்தான் கீழ நின்னேன். ஏதோ கல்யாண வீட்டுல கரண்டு இல்லைன்னு ஜெனரேட்டர் வச்சிருக்காங்க. இதே ஒயரு, ரெண்டு பக்கமும் ப்ளக்கு. சுவத்துச் சாக்கெட்டுல செருகிட்டாங்க. வீட்டுல இருந்து திரும்பி லைனுக்கு வந்துருச்சு.” கொஞ்ச நேரம் மூச்சு விட்டார். “எமன் கயிறு சீனி அது. நம்ம வீட்டுல கெடக்கக் கூடாது.”

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா மறுநா நீ என்னய வேலைக்கு விட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டேன்தான்.

அக்டோபர் 18

பகலிலும் காற்று வைத்ததால் இரண்டாவது சிலிண்டர் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. மூன்றாவது மாட்டியாகிவிட்டது. இனி ஏழு நாள்.

தவமணி போன் செய்தாள். எல்லாம் நன்றாக நடக்கிறது என்றேன்.

அக்டோபர் 20

மருந்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. இவர் கையெழுத்து, பென்சில், கோணலாகப் போயிருக்கிறது. நானில்லாத நேரம் பார்த்து எழுதியிருக்கிறார். திருகுகிற இன்வெர்ட்டர் வாங்கினால் வீட்டில் எதெதற்கு எவ்வளவு வாட் என்கிற பட்டியல். அப்படியே எழுதுகிறேன்.

அடுப்படி லைட் 9. கூடம் லைட் 9. குளியலறை லைட் 9, வாசப்படி வழுக்கும், சுவிட்ச் வெளியே வைக்கணும். ஆட்டுக் கொட்டில் லைட் 9. மிக்சி, சின்னது, 500. ரேடியோ 10. கட்டில் பக்கம் பேன் 50. கட்டில் பக்கம் சுவிட்ச் ஒன்று, கை எட்டுகிற உயரம், பெல்லுக்கு. மணி கீழ்வீட்டுப் பாக்கியம் வீட்டில் அடிக்கணும். கூப்பிட்டால் வருவாள்.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் கவனித்தேன். மிஷின் இல்லை. முந்நூற்றைம்பது வாட் மிஷின், அதற்காகத்தான் இத்தனை பாடு, அதையே எழுதவில்லை.

மறதி. எழுபத்து நாலு வயசு ஆகிறது.

பெல்லும் எதற்கென்று விளங்கவில்லை. இவர் கூப்பிட்டால் நான் வருகிறேன். நான் கூப்பிட ஆளாக இவர் இருக்கிறார். பாக்கியம் எதற்கு?

தாளை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, பென்சிலில் இல்லை, பேனாவால், ‘மிஷின் 350’ என்று எழுதினேன். அதன் மேலேயே இரண்டாம் தடவையும் அழுத்தி எழுதினேன். திரும்ப மடித்து டப்பாவுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன்.

ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனேன். திரும்பி வர நேரமாகிவிட்டது. தூசி விழுந்து கண் சிவந்திருந்தது.

அக்டோபர் 21

தாள் இடம் மாறியிருக்கிறது. படித்திருக்கிறார்.

அக்டோபர் 22

பாய் கடை.

“திருகுறது ஒண்ணு குடுங்க பாய். வீட்டு மெயினோட சேக்கிறது. ரெண்டாயிரம் வாட்டு.”

“அப்ப லைன்மேன் அண்ணன் ஜெயிச்சுட்டாருன்னு சொல்லுங்க.”

“யாரும் ஜெயிக்கல. மிஷினோட மிக்சியும் போட்டா தாங்கணும், அம்புட்டுத்தான்.”

“பழசத் திருப்பித் தாரீங்களா?”

“ஏன் தரணும்? அது கட்டில் பக்கத்துலயே இருக்கும். பெரிசு படுத்துக்கிச்சுன்னா ப்ளக்கச் சுவத்துல இருந்து உருவி சின்னதுல செருகுவேன். உங்க அண்ணன் வீட்டுல எல்லாத்தையும் திருகுவாரு, பெரிசு நின்னா மிஷினும் சேந்து நிக்கும். அப்ப யாரு கேக்குறது?”

பாய் சிரித்துவிட்டார். “ரெண்டு பேரும் ரெண்டு பேருக்கும் ஏத்தவங்கதான்” என்றார். கடைக்காரருக்கு இந்தப் பேச்சு அதிகம்.

ஒரு பெல், ஒரு சுவிட்ச், முப்பது மீட்டர் ஒயரும் வாங்கினேன். கீழ்வீடு வரைக்கும் தாராளமாகப் போகும்.

அக்டோபர் 23

சுவருக்குள் இருக்கும் ஒயரையெல்லாம் சோதித்தோம். இவர் நாற்காலியில், மடியில் மீட்டர். நான் ஏணியில்.

“அந்த மஞ்ச ஒயர விடு. செகப்பப் புடி.”

“ரெண்டும் ஒரே அழுக்காத்தான் இருக்கு.”

“துடைச்சுப் பாரு. பொங்கலுக்குப் பொங்க துடைக்கிறேன்னியே, ஒயரத் துடைக்கலையா?”

முப்பது வருடமாகக் கரண்டு பார்க்காத ஒயர். அடுப்படி மூலையில் மட்டும் எலி கடித்திருந்தது, அதை உருவிவிட்டுப் புதிது இழுத்தேன். மற்றதெல்லாம் நேற்றுப் போட்ட மாதிரி இருக்கிறது. முடிச்சு ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. நன்றாகத்தான் செய்திருக்கிறார். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

அக்டோபர் 24

இன்வெர்ட்டரைச் சுவரில் ஏற்றி மெயின் பெட்டியோடு சேர்த்தேன். குளியலறை சுவிட்சை வெளியே மாற்றினேன். இவர் ஒவ்வொரு திருகுக்கும், “இறுக்கு. இன்னும். இழுத்துப் பாரு” என்றார். மிஷினுக்குத் தனிச் சாக்கெட், தரையிலிருந்து நான்கடி உயரத்தில், ஆட்டுக்குட்டிக்கு எட்டாத இடத்தில். அது என் யோசனை. “இது நல்லா இருக்கு” என்றார். தேதி பார்த்து எழுதி வைக்கிறேன்: அக்டோபர் 24, இவர் வாயால் சொன்னது.

கடைசித் திருகு மட்டும் தனக்கு வேண்டும் என்றார். நாற்காலியோடு நகர்த்திக் கொண்டு போனேன். திருப்புளி திருகின் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது, கை அவ்வளவு நடுங்குகிறது. நான் இவர் கையின் மேல் கை வைத்துக்கொண்டேன். பிடிமானத்துக்காக. இரண்டு பேருமாகத் திருகி இறுக்கினோம்.

அக்டோபர் 25

சிலிண்டர் முள் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் நிற்கிறது.

மத்தியானம் மெயினைப் போட்டோம். “நீ போடு” என்றார். “நீங்க போடுங்க” என்றேன். “நீதான் தொடச்ச” என்றார்.

பதினோரு சுவிட்சையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். நல்ல வெயில், பகலில் எல்லா விளக்கும் எரிய விட்டுக்கொண்டு இரண்டு கிழடுகள் வீடு வீடாகச் சுற்றுவது போல அறை அறையாகச் சுற்றினோம். பாக்கியம் கீழேயிருந்து, “என்னாக்கா, வீட்டுல விசேஷமா?” என்று சத்தம் போட்டாள்.

“பில்லு வராதுல்ல, எரியட்டும்” என்றார் இவர்.

அக்டோபர் 26

ராத்திரி எட்டு மணி நேரமும் மிஷின் ஓடியது. நிற்கவில்லை. விடிகாலையில் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நான் தூங்கினேனா என்று தவமணி போனில் கேட்டாள். தூங்காமல் என்ன? மிஷின் சத்தத்தில் இவர் மூச்சு கேட்கவில்லை, அதனால் அவ்வப்போது எழுந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

“மழைக் காலம்மா, வெயிலே அடிக்கலைன்னா?”

“ஒரு சிலிண்டர் நெப்பி வச்சுக்கிறேன். நாலு நாளு அதுலயே ஓட்டிருவேன்.”

பிறகு, “தீவாளிக்கு நாங்க அங்க வாரோம்” என்றாள். “போன் சார்ஜ் போட எடம் இருக்குமா?”

எத்தனை இடம் வேண்டும் என்று கேட்டேன்.

அக்டோபர் 29

மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் பட்டியலை ஒட்டிவிட்டேன். முதல் வரி நன்றாகத் தெரிகிறது.

பெல் ஒன்றுதான் பாக்கியாக இருந்தது. நேற்று அதையும் முடித்தேன். கட்டில் பக்கம் இவர் சொன்ன உயரத்தில்தான் சுவிட்ச் வைத்தேன், ஆனால் இவர் படுக்கிற பக்கம். மணியை அடுப்படியில் மாட்டினேன்.

இவர் அமுக்கிப் பார்த்தார். அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

“பாக்கியம் வீட்டுலயில்ல அடிக்கணும்?”

“ஒயரு பத்தல.”

“முப்பது மீட்டர் வாங்குனியே.”

“பத்தல.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கம்பத்தில் ஏறிய மனுசன், கண்ணாலேயே ஒயரின் நீளம் சொல்வார். மிச்சச் சுருள் அலமாரிக்கு மேலே, இவர் படுத்திருக்கிற இடத்திலிருந்து நேராகத் தெரிகிறது. நான் அதை மறைத்து வைக்கவும் இல்லை.

“சரி, பத்தாதுதான்” என்றார்.

இன்று காலையிலிருந்து ஐந்து தடவை அடித்துவிட்டார். ஒரு தடவை வெந்நீர். ஒரு தடவை ரேடியோ. மூன்றாவது தடவை போய் நின்றால், “சும்மா, வேலை செய்யுதான்னு பாத்தேன்” என்கிறார். நான்காவதும் ஐந்தாவதும் அதே.

இதோ ஆறாவது. அடுப்பில் பால் இருக்கிறது. பொங்கினால் பொங்கட்டும், போய் என்னவென்று கேட்டுவிட்டு வருகிறேன்.